பட்டை விழுந்த புழுக்கள்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில், சமையல் கழிவை உரமாக்க ஒரு பெட்டி வைத்தேன். மழை விட்ட ஒரு காலையில், கீழே புல்தரையில் நெளிந்த பெரிய புழுக்களைப் பொறுக்கி அதில் போட்டேன். மூன்றாம் நாள் பாதி செத்துக் கிடந்தன. மீதி வெளியேறித் தரையில் ஊர்ந்தன. என் கணவர் நாற்காலியில் ஏறி நின்றுகொண்டார்.

அவை ஆழ மண்ணில் வாழ்பவை, காய்கறிக் கழிவு அவற்றுக்கு ஆகாது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். சாணக் குவியலில் வளரும் புழுதான் வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி கிள்ளானில் ஒரு மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். கொட்டகைக்காரர் மண்வெட்டியோடு வந்தார்.

"அப்படியே அள்ளித் தரேன் லா, அக்கா."

"வேணாம் அண்ணே, நானே பாத்து எடுத்துக்கறேன்."

பழைய சாணத்தைக் கையால் புரட்டினேன். தடித்து, தலைப்பக்கம் பட்டை விழுந்திருந்தால் அது முட்டையிடும் பருவத்துப் புழு. அவற்றை மட்டும் பொறுக்கினேன்.

அவர் சிரித்துவிட்டார். "என்னக்கா, புழுவுக்கு மாப்பிள்ளை பாக்குறீங்களா?"

"ஆமாண்ணே, குடும்பம் பெருகணும்ல?"

பெருகியது. சில மாதங்களில் பெட்டியில் கை வைத்த இடமெல்லாம் விரல் நீளப் புழுக்கள். குடியிருப்போர் கூட்டத்தில் பொது உரப்பெட்டி வைக்க முடிவானபோது, புழு எங்கே வாங்குவது என்று தலைவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் எழுந்துவிட்டார்.

"வாங்க வேணாம் அங்கிள். என் வைஃப்கிட்ட நெறைய இருக்கு. ஆனா அவங்கதான் பொறுக்கித் தருவாங்க, வேற யாரும் கை வைக்கக்கூடாது."

இப்போது எங்கள் புளோக்கில் என்னைப் 'புழு அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்க்க எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.