மல்லாட்டை பிடுங்கப் போன சபை

தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, எங்கள் காலனியின் முதல் வீட்டை ஒட்டிக் கிறிஸ்தவச் சபைக் கட்டடம் இருந்தது. ஓடு போட்ட ஒற்றை அறை. பாய் விரித்து நெருக்கி உட்கார்ந்தால் நாற்பது பேர் கொள்ளும். நான் அப்போது பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். எங்கள் காலனியிலிருந்து அரசு வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சபையில் எல்லோரும் காலனிக்காரர்கள், ஒருத்தியைத் தவிர. அவள் ஊர்த்தெருவில் இருந்து வந்தவள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அவள் காய்ச்சலாகக் கிடந்தபோது பக்கத்துக் கட்டிலில் இருந்தது எங்கள் சபையின் விதவை அக்கா ஒருத்தி. அக்கா தனக்கு வந்த கஞ்சியில் பாதியை அவளுக்கு ஊற்றிக் கொடுத்தாள். ராத்திரியும் பகலும் அவளுக்காக ஜெபம் பண்ணினாள். உடம்பு தேறி வீட்டுக்குப் போனவள், அடுத்த மாதமே காலனிக்குள் நடந்து வந்து சபை வாசலில் நின்றாள். ஊர்த்தெருவில் அவளைப் பேசாத பேச்சு இல்லை. அவள் புருஷன் மட்டும் தடுக்கவில்லை. தானும் வரவில்லை. இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமும் ஒரு ஜோடி மாடும் வைத்துக்கொண்டு தன் போக்கில் இருந்த மனுஷன் அவன்.

அந்த வருஷந்தான் இடஒதுக்கீட்டுப் போராட்டம் முற்றியது. தங்கள் சாதிக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று ஊர்த்தெரு ஆண்கள் சாலையில் இறங்கினார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. எங்களுக்குத் திறந்த அதே கதவைத்தான் அவர்களும் தட்டினார்கள். ஆனால் சாலையை மறிக்க வெட்டிய புளியமரங்கள் விழ விழ, கோபம் எங்கள் பக்கம் திரும்பியது. பஸ் நின்றது, பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். ஒரு நாள் மத்தியானம் எங்கள் காலனியின் கடைசியில் மூன்று குடிசைகள் எரிந்தன. அதில் ஒன்று அந்த விதவை அக்காவுடையது. யார் வைத்த தீ என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று மட்டும் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்துப் போலீஸ் வேன் வந்தது. மரம் வெட்டிய வழக்கில் ஊர்த்தெரு ஆண்கள் பலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவள் புருஷனும் அதில் ஒருவன். பிடிபடாத மற்றவர்கள் கல்வராயன் மலைக்கு ஓடிவிட்டதாகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு அவள் சபைக்கு வரவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. இதை மறைத்து என்ன பயன்?

நாலாவது ஞாயிறு, உபதேசியார் ஆராதனையை முடித்ததும் விதவை அக்கா எழுந்து நின்றாள். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. குடிசை எரிந்த நாளிலிருந்து சபைக் கட்டடத்திலேயே படுத்துக்கொண்டிருந்தாள்.

"உபதேசியாரே, அந்தப் பொண்ணு கொல்லியில மல்லாட்டை முத்திக் கெடக்குது. வைகாசி மழைக்குப் போட்டது. இன்னொரு மழை புடிச்சிதுன்னா உள்ளயே மொளச்சிடும். புடுங்க ஒரு ஆளு இல்ல. நாளைக்கி நாம போவலாம்."

நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம், புன்செய் நிலத்தைக் கொல்லி என்போம். செடியைப் பிடுங்கவும் காயை ஆயவும் எப்போதும் போகிறவர்கள் காலனிப் பெண்கள்தான். தீ வைத்த நாளிலிருந்து ஊர்த்தெருக் கொல்லிகளுக்கு யாரும் வேலைக்குப் போகக் கூடாது என்று காலனியில் பேசி முடித்திருந்தார்கள்.

நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "இன்னாக்கா சொல்ற? உன் வூடு எரிஞ்சி இன்னும் சாம்பல் கூட அள்ளல. அவ வூட்டுக்காரன் அந்தக் கும்பல்ல இருந்தவன்."

"இருந்தான். நான் இல்லன்னு சொல்லலியே."

"அப்புறம்?"

"அவ நம்ம சபை, டீச்சரு. நாம போவலன்னா அவளுக்கு ஆரு கீறாங்க? அவ தெருவும் அவள சேத்துக்கல. நாமளும் வுட்டுட்டா அவ சாமியையே வுட்டுடுவா."

பக்திவிருத்தி என்று உபதேசியார் பிரசங்கத்தில் அடிக்கடி சொல்வார். ஒருவரை ஒருவர் கட்டி எழுப்புவது என்று அதற்கு விளக்கமும் சொல்வார். அன்றைக்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "கூலின்னு ஒண்ணும் வாங்கக் கூடாது. சம்மதமானவங்க காலையில வாங்க" என்றார்.

மறுநாள் பதினோரு பேர் போனார்கள். நான் போகவில்லை. பள்ளிக்கூட வேலை இருக்கிறது என்றேன். பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது எல்லோருக்கும் தெரியும்.

சாயங்காலம் அவர்கள் செம்மண் கையோடு திரும்பினார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் என்னைத் தைத்தது. பாதிக் கொல்லிதான் ஆகியிருக்கிறது என்றார்கள். மேற்கே மலைமேல் மேகம் கருத்துக்கொண்டு நின்றது. அடுத்த நாள் விடிந்ததும் பழைய புடவை ஒன்றைச் சுற்றிக்கொண்டு நானும் கிளம்பினேன்.

ஊர்த்தெரு முனையில் வயசான ஒருவர் எங்களை மறித்தார். "எங்கம்மா கூட்டமா போறீங்க? வேலைக்கி வரமாட்டோம்னு பேசிக்கினீங்களாமே?"

விதவை அக்கா நின்றாள். "வேலைக்கி போவலிங்க. எங்க தங்கச்சி கொல்லிக்கிப் போறோம்."

அவர் ஒதுங்கி வழியை விட்டார். அந்த ஒரு வார்த்தையை ஊர்த்தெரு நடுவில் நின்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

கொல்லியில் அவள் தனியாகக் குனிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். கண் நிரம்பிவிட்டது. "நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேங்க்கா."

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன்" என்றேன். அவள் பக்கத்துச் சாலில் குனிந்து பிடுங்க ஆரம்பித்தேன். பத்து வருஷமாகச் சாக்பீஸ் பிடித்த கை. ஒரு மணி நேரத்தில் தோல் உரிந்தது. அவள் தன் முந்தானையைக் கிழித்து என் விரலில் சுற்றினாள்.

மத்தியானம் அவள் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்தாள். எங்களுக்குப் பரிமாறிவிட்டுத் தள்ளிப் போய் நிற்கவில்லை. வரப்பில் எங்கள் நடுவில் உட்கார்ந்து, அதே சட்டியில் மிச்சமிருந்ததை வழித்துப் போட்டுச் சாப்பிட்டாள். அடுத்த கொல்லிக்காரர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். அவள் தலை குனியவில்லை. சாப்பிட்டு முடித்ததும் மெதுவாகச் சொன்னாள்: "மூணு வாரமா ஜெபம் பண்ண வாயே வரல. உங்க மூஞ்சில எப்பிடி முழிக்கிறதுன்னு... எல்லாத்தையும் வுட்டுடலாம்னுதான் இருந்தேன்."

மழை மறுநாள் வந்தது. அதற்குள் கொடி முழுக்க வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தது. உள்ளே உட்கார்ந்து ஆய்ந்தோம். அந்த வீட்டுக்குள் காலனிப் பெண்கள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

அவள் புருஷன் ஜாமீனில் வர ஒன்றரை மாதம் ஆனது. வந்தவன் மூட்டைகளைப் பார்த்திருக்கிறான், கேட்டிருக்கிறான், வெளியே போய் உட்கார்ந்திருக்கிறான். எங்களுக்கு ஒரு நன்றி வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

கார்த்திகை மாதம் ஒரு காலையில் காலனிக்குள் மாட்டு வண்டி வந்தது. வண்டி நிறையக் கூரை வேயக் கரும்புத் தோகை, மூங்கில். அவன் இறங்கி விதவை அக்காவின் எரிந்த சுவருக்கு முன்னால் போய் நின்றான். சேதி கேட்டு அக்கா சபையிலிருந்து வந்தாள்.

"தோகை கொண்டாந்தேன். ரெண்டு நாள்ல மூடிடலாம்."

"சரி."

"நான் தீ வெக்கல. மரம் வெட்னேன், அதோட சரி. ஆனா வெச்சவன எனக்குத் தெரியும். தடுக்காம நின்னேன்."

அக்கா அவனைப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி வந்தாள். பிறகு, "தண்ணி குடிச்சிட்டு மேல ஏறு" என்றாள்.

சொம்பை வாங்கிக் குடித்துவிட்டு மேலே ஏறினான். எங்கள் ஆட்கள் கீழிருந்து தோகைக் கட்டை எடுத்துக் கொடுத்தார்கள். அவன் தெருவில் அவனை ஆறு மாதம் ஒதுக்கி வைத்தார்கள். அந்த ஆறு மாதமும் அவன் விதைப்புக்கும் களைக்கும் சபை போனது. எங்கள் பெரிய நாளான கிறிஸ்துமஸுக்கு அவன் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தான். அப்புறம் வருவதை நிறுத்தவில்லை.

அன்பு ஜெயிக்கும் என்று எளிதாகச் சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. சாலையில் வெட்டிய மரங்கள் முளைக்கவில்லை; இரண்டு தெருவும் இன்றைக்கும் இரண்டு தெருதான். ஆனால் நாற்பது பேர் கொண்ட ஒரு சபை உடையாமல் நின்றது, அது எப்படி நின்றது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். பறிகொடுத்தவள் முதலில் எழுந்து போனாள். மற்ற எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

பிறகு வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், ஐந்தாறு மலைக் குடும்பங்கள் புதிதாக விசுவாசத்துக்கு வந்தன. துணைக்கு யாரும் இல்லாமல் தடுமாறிக்கொண்டிருந்தன. மாசத்துக்கு ஒரு தடவை விதவை அக்காவும் அந்த ஊர்த்தெருப் பெண்ணும் நானும் பஸ் போகிற வரைக்கும் போய், மீதியை நடந்து ஏறுவோம். அங்கே நான் எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். அவர்கள் இரண்டு பேரும் சாமை புடைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டு, மலைப் பெண்களோடு சேர்ந்து உட்கார்ந்து ஜெபித்தார்கள். என் எழுத்தைவிட அதற்குத்தான் பெண்கள் கூடினார்கள்.