மலரக்கா பழக மறுத்த கீபோர்ட்

மலரக்காவின் மணிக்கட்டுகள் வீங்கிய நாளில்தான் எங்கள் அலுவலகத்தில் கீபோர்ட் பிரச்சினை தொடங்கியது. வவுனியாவில் இடம்பெயர்ந்தோர் முகாம்களுக்கு நிவாரணம் கொடுத்த நிறுவனம் அது. கணினிகளுக்கு நான் பொறுப்பு. தமிழ்த் தட்டச்சு முழுவதும் மலரக்காவின் தலையில். "இப்பிடியே அடிச்சா கை ஏலாமப் போயிடும்" என்று டொக்டர் சொல்லிவிட்டார். மலரக்காவின் சம்பளத்தில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

மனேஜர் கொழும்பிலிருந்து புதுக் கீபோர்ட் ஒன்றை எடுப்பித்தார். நடுவில் பிளந்து, பொரித்த அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. மணிக்கட்டுக்கு நல்லதாம்.

மலரக்கா ரைப்ரைட்டரில் பழகியவர். நடுவில் உள்ள எழுத்துகளை எந்தக் கை சும்மா இருக்கிறதோ அந்தக் கையால் அடிப்பார். புதியதில் விரல் பிளவுக்குள் விழுந்தது. ஒரு பக்கம் அடிக்க அரை நாள் போனது. மறுநாள் பழையது மேசைக்கு வந்தது. புதியது அலுமாரிக்குப் போனது.

பழக்கதோஷம் என்று நான் நினைத்தேன். மனேஜருக்குக் கோபம்.

"ரெண்டு கிழமை அடிச்சா பழகிடும், அக்கா."

"ஓம் சேர், பழகிடும். அதுதான் பயம்."

"என்ன பயம்?"

"கிளிநொச்சியிலயும் இப்பிடி ஒரு நிறுவனத்தில வேலை செய்தனான். ஒருநாள் பூட்டிப்போட்டுப் போயிட்டினம். நான் குந்தியிருந்த கதிரையும் லொறியில ஏறினது. நீங்களும் போவியள், இதுவும் உங்களோட போகும். இதுக்குப் பழகின விரலோட நான் ஆரிட்டப் போய் வேலை கேக்கிறது?"

மனேஜர் அலுமாரியிலிருந்து புதியதை எடுத்து அவரிடம் நீட்டி, "இது இனி ஒஃபிஸ் சாமான் இல்லை, உங்கட. போகேக்க கொண்டு போங்கோ" என்றார்.

"உண்மையாவோ?" என்று கேட்ட மலரக்கா, அன்றே அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். வீட்டில் கணினியும் இல்லை, கரண்டும் இல்லை. மேசையில் வைத்து வெறுமனே தட்டிப் பழகியிருக்கிறார். தினமும் காலையில் கொண்டுவந்து கணினியில் பூட்டுவார், மாலையில் கழற்றிக்கொண்டு போவார். "மெஷினை நிப்பாட்டிப்போட்டுக் கழட்டுங்கோ அக்கா" என்று கத்துவதே எனக்கு வேலையாகிவிட்டது. வீக்கம் மெல்ல வற்றியது.

அந்த நிறுவனமும் ஒருநாள் பூட்டப்பட்டது. கணினிகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். மலரக்கா பையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களைக் கடந்து போனார். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

பிறகு வேலை செய்த இடங்களில், புதுச் சாமான் வந்தால் அதன் நன்மைகளை நான் விளக்குவதில்லை. அது யாருக்குச் சொந்தம் என்பதைத்தான் முதலில் சொல்வேன்.