முந்நூறு ஓம் ஹெட்போனில் கேட்ட குரல்

போன வாரம் வள்ளியம்மா மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். காலடிப்பேட்டையில் எங்கள் தெருவுக்கே மீன் கொடுப்பவர். கையில் மொபைல்.

"ண்ணா, நீ இன்னாமோ பேசி ரெக்கார்டு பண்றியாமே. காதுல பெரிசா மாட்டிக்கிற சாமான் கீதா?"

இருந்தது. பாட்காஸ்ட் எடிட்டிங்குக்காக ஆசை ஆசையாய் வாங்கியது. முந்நூறு ஓம்!

விஷயம் இதுதான். அவர் கணவர் தேசிங்கு, போன வருஷம் ஃபைபர் போட்டில் தனியாகக் கடலுக்குப் போனார். போட் மட்டும் எண்ணூர் பக்கம் ஒதுங்கியது. ஆள் கிடைக்கவில்லை. அந்த ஞாயிறு கடலில் பால் ஊற்றிக் காரியத்தை முடித்துவிடலாம் என்றார்களாம் மச்சினர்கள். அப்படியென்றால் தாலியைக் கழற்ற வேண்டும்.

அன்று கடலிலிருந்து தேசிங்கு போனில் பேசியிருக்கிறார். "வச்சிடறேன்" என்றவர் கட் பண்ணாமலே பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுவிட்டார். கை நிறைய மீன் செதிலோடு இருந்த வள்ளியம்மாவும் கட் பண்ணவில்லை. அவருடைய மொபைல் தானாகவே முழுவதையும் ரெக்கார்டு செய்துவிட்டது.

"எஞ்சினு நின்னப்புறம் இன்னாமோ சொல்றாருண்ணா. இந்த இயர்போன்ல ஒரே இரைச்சல். அது இன்னான்னு தெரியாம இத்த எப்டி கழட்டுவேன்?"

என் ஹெட்போனை அவர் மொபைலில் சொருகினேன். எங்கேயோ சுவருக்குப் பின்னால் யாரோ முனகுவது போல… அவ்வளவுதான்.

ரிப்பேர் இல்லை. இம்பீடன்ஸ்! மின்சாரத்துக்கு அது காட்டும் தடை; ஓமில் அளப்பார்கள். மொபைல் தருவது கொஞ்சூண்டு வோல்டேஜ். சாதாரண இயர்போன் குறைந்த ஓம், அதற்கு அது போதும். முந்நூறு ஓமுக்குப் போதாது. பின்னே எதற்கு இப்படி ஒன்று? ஸ்டுடியோவுக்காக. உள்ளே இருக்கும் கம்பிச்சுருளை மிக மெல்லிய கம்பியால் லேசாகச் சுற்றலாம். ஒரே ஆம்பில், அதாவது ஆம்ப்ளிஃபயரில், நாலைந்து பேர் மாட்டிக் கேட்கலாம். ஆம்பின் சொந்த இரைச்சலும் காதுக்கு அவ்வளவாக வராது.

என் ஆம்பை எடுத்து மொபைலுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் இணைத்தேன். முதலில் நான் கேட்டேன்.

எஞ்சின். நின்றது. போட்டில் அலை தட்டும் சத்தம். வலைக் கயிறு உரசும் சத்தம். அது பாதியில் நின்றது. யாரோ கூப்பிட, அவர் காது கொடுத்துக் கேட்பது போல ஒரு மௌனம். பிறகு தேசிங்கின் குரல் — ரொம்பப் பிரியமாக:

"தோ… வந்துகினே கீறேன்."

தண்ணீரில் ஏதோ இறங்கும் சத்தம். அப்புறம் வெறும் அலை. நடுப்பகல், வெளியே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. இருந்தும் பயந்தேன்.

வள்ளியம்மா மாட்டிக்கொண்டார். கண்ணை மூடிக் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது!

"வந்துகினே கீறேன்றாருண்ணா! வரேன்னு சொன்ன மன்சனுக்கு எதுக்குக் காரியம்?"

ஞாயிற்றுக்கிழமை காரியம் நடக்கவில்லை. நேற்று வஞ்சிரம் கொண்டுவந்தார், கழுத்தில் தாலியோடு. சாயங்காலமானால் கரையில் போய் உட்கார்ந்துகொள்கிறாராம்.

"வச்சிடறேன்" என்று மனைவியிடம் பேசி முடித்த மனிதர், நடுக்கடலில் தனியாக, யாருக்குப் பதில் சொன்னார்?

நான் வள்ளியம்மாவிடம் இதைக் கேட்கவில்லை… நீங்களாக இருந்தால் கேட்பீர்களா?