ஹெட்லைட் மங்காத வண்டி

பிப்ரவரி 9: ஆம்ப்ளிஃபயர், பாஸ் பெட்டி – 18,500
மார்ச் 2: தடித்த ஒயர், ஃபியூஸ் – 3,150
மார்ச் 30: இரண்டாவது பேட்டரி – 7,800
மே 11: பெரிய ஆல்டர்னேட்டர் – 21,000

இவ்வளவும் ஒரு வாடகைக் கார் டிரைவர் தன் வண்டியில் பாட்டுக் கேட்கச் செலவழித்தது. முப்பத்தோரு வருடம் ஓட்டி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு.

வேலையைச் செய்தவன் அவர் மனைவியின் தம்பி, கார் எலெக்ட்ரீஷியன். முதலில் பாட்டில் பாஸ் இடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கியது. கரண்ட் போதவில்லை என்று ஒயரை மாற்றினான். எர்த் ஒயர் நன்றாகப் பிடிக்க, அது சேரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டினான். வண்டிக்குக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரும் மாறிய பிறகு வெளிச்சம் துளி அசையவில்லை. ஆனாலும் டிரைவர் உதட்டைப் பிதுக்கினார்.

“சத்தம் எடுபடலையே மாப்ள.”

“பக்கத்துக் கடை ஷட்டரே ஆடுது மாமா. இதுக்கு மேலன்னா உங்க வண்டிக்குன்னு ஒரு கரண்ட் கம்பம்தான் நடணும்.”

“நடேன். இடம் நான் காட்டுறேன்.”

முன்பக்க ஸ்பீக்கரில் கோளாறோ என்று, மைத்துனன் குனிந்து அவற்றின் ஒயர்களைக் கழற்றினான். ஓடிக்கொண்டிருந்த பாட்டில் பாடகியின் குரல் அறவே நின்றது. பின்னாலிருந்து பாஸ் பெட்டி மட்டும் இடித்துக்கொண்டிருந்தது. டிரைவர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

“இந்தம்மா குரலுக்கு ஈடே இல்லடா.”

மைத்துனன் பாட்டை நிறுத்திவிட்டு, கழற்றிய ஒயரை அவர் முகத்துக்கு நேரே காட்டினான்.

“மாமா, கோளாறு வண்டியில இல்ல.”

டிரைவர் ஸ்டியரிங்கைத் தடவினார். “போன வாரம் பின்னாடி ஆம்புலன்ஸ் வந்திருக்கு. நான் வழி விடல. சவாரிக்கு வந்தவங்க தோளைத் தட்டித்தான் தெரிஞ்சுது.”

“அக்காவுக்குத் தெரியுமா?”

“ஸ்பீக்கர் சரியில்லன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

“டாக்டர்கிட்ட காட்டலாம் மாமா.”

“காட்டினா காது கேக்காதுன்னு எழுதிக் குடுத்துடுவாரு. சவாரி லைசென்ஸ் போயிடும். எனக்கு வேற என்னடா தெரியும்?”

“காட்டாமலே ஓட்டினா?”

அவர் சாவியை உருவி மைத்துனன் கையில் வைத்தார்.

ஜூன் 4 அன்று மனைவி உடன் போக, காதைக் காட்டினார். கருவி வைத்தாலும் பாதிக்கு மேல் கேட்காது என்றார் டாக்டர். அந்தச் சீட்டை லைசென்ஸ் அலுவலகத்தில் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். மறுபரிசோதனைக்கு வரச் சொல்லி ஒரு கடிதம் வந்தது, போனார். வண்டி வாசலிலேயே நின்றது. பேட்டரி இறங்கிவிடாமல் மைத்துனன் வாரம் ஒருமுறை வந்து ஸ்டார்ட் செய்தான். பாட்டுப் போடவில்லை.

இனிச் சவாரி ஓட்ட அனுமதியில்லை என்ற கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை.