இருபது வயது மாமனார்

எனக்கு இரண்டு மாமனார்கள். ஒருவருக்கு எண்பத்தெட்டு வயது, இன்னொருவருக்கு இருபது. இருபது வயதுக்காரர்தான் மூத்தவர். கல்யாணம் பேசி முடித்த தரகர் இதை மட்டும் எங்கள் வீட்டில் சொல்லவே இல்லை.

என் கணவர் கியுதே. உய்சொங்கில் பூண்டு பயிரிடுகிறார். அவருடைய பெரியப்பா இன்ஹோ, வடக்குக் கொரியாவும் தெற்கும் மோதிய போரில் 1951இல் இறந்தவர். கல்யாணம் ஆகவில்லை. உடல் வரவில்லை, ஒரு தாள்தான் வந்தது. மூத்த மகனுக்குத் திதி கொடுக்கப் பிள்ளை இல்லாமல் போகலாமா? பெரியவர்கள் கூடிப் பேசி, அவருடைய தம்பிக்குப் பிறந்த தலைமகனை இறந்தவருக்கே தத்துக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அப்போது இது வழக்கம்தான். என் கணவருக்கு அன்று ஆறு வயது. காலையில் அப்பாவாக இருந்தவர் சாயங்காலம் சித்தப்பா ஆகிவிட்டார். வீடு அதே வீடு, சோறு அதே சோறு, படுக்கும் மெத்தைகூட மாறவில்லை.

பள்ளிக்கூடத்தில் அப்பாவின் பெயர், வயது, தொழில் எழுதச் சொன்னபோது, "இன்ஹோ, இருபது, சிப்பாய்" என்று எழுதினாராம்.

"நீ பொறக்கறதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே உங்கப்பா செத்துட்டாரேடா. கணக்குல நீ ரொம்ப மோசம்னு தெரியும், இவ்வளவு மோசமா? போய் அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றார் வாத்தியார்.

இவர் போய்ச் சித்தப்பாவைக் கூட்டிவந்தார். வாத்தியார் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அனுப்பிவிட்டாராம். மூக்கு அப்படியே அச்சு.

எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பா உட்கார வேண்டிய நாற்காலியில் ராணுவம் அனுப்பிய சான்றிதழைச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். நான் பட்டுப்பாவாடையைப் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் விழுந்து வணங்கினேன். பெற்றவர் மூன்றாவது வரிசையில், உறவுக்காரர்களோடு உட்கார்ந்து கைதட்டினார். எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகு வாயைத் திறக்கவில்லை.

மாமியாரிடம் இந்தத் தத்து விதி செல்லவில்லை. அடுக்களைக்குள் என் கணவருக்கு அவர் அம்மாதான். மாமனாருக்குத்தான் பிடிவாதம், அப்பா என்றால் காதிலேயே வாங்கமாட்டார். என் கணவருக்கோ வாழ்க்கையில் வேறு பெரிய ஆசை எதுவும் கிடையாது. இந்த மனிதரை ஒரு தடவை அப்பா என்று கூப்பிட்டு, அவர் திரும்பிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆறு வருடத்துக்கு முன் மாமனாருக்கு இதய அறுவைச் சிகிச்சை. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என் கணவர் அவர் கையைப் பிடித்து, "அப்பா" என்றார்.

கிழவர் அந்த நிலையிலும் கண்ணைத் திறந்து, "யாரு? எங்கண்ணன் வந்துட்டாரா?" என்று கேட்டார்.

பிழைத்து வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டே விட்டேன். "ஏன் மாமா, ஒரு தடவை 'என்னடா'ன்னு கேட்டா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

அவர் கோபிக்கவில்லை. "ஏம்மா, பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்தப்போ எனக்குப் பதினஞ்சு வயசு. ஆனா பனைமரம் மாதிரி வளர்ந்து நின்னேன். அண்ணன் என்னை அரிசிப் பானைக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சுட்டு, 'வீட்ல நான் ஒருத்தன்தான்'னு சொல்லிட்டுப் போனாரு. அவருக்குன்னு இந்த ஒலகத்துல மிச்சம் இருக்கறது அந்த ஒரு வார்த்தை. அதையும் நான் எடுத்துக்கவா?"

அதன் பிறகு நான் கேட்கவில்லை. என் கணவரையும் கேட்க விடவில்லை.

போன வருடம் ராணுவத்திலிருந்து போன் வந்தது. கங்வொன் மலையில் தோண்டியெடுத்த எலும்புகள், மரபணுச் சோதனைக்காக மாமனார் எப்போதோ கொடுத்திருந்த எச்சிலோடு பொருந்திவிட்டனவாம். எங்கள் குடும்பத்துக் குன்றிலேயே புதைக்கலாம் என்று முடிவானது. வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியோடு வந்த இளம் அதிகாரி, "அவரோட மகன் யாருங்க?" என்றான். அறுபத்திரண்டு வயது வழுக்கைத்தலை முன்னால் வந்து நின்றதும், பையன் கையிலிருந்த காகிதத்தை இரண்டு தரம் படித்தான். நான் சிரித்துவிட்டேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எழுபத்திரண்டு வருடம் கழித்து ஒருவர் வீட்டுக்கு வந்தால் அழுதா வரவேற்பார்கள்?

குழியில் பெட்டியை இறக்கியாகிவிட்டது. மகன்தான் முதல் மண் போட வேண்டும். போடுவதற்கு முன் அப்பாவை வாய்விட்டு அழைக்க வேண்டும். என் கணவர் மண்ணைக் கையில் அள்ளிக்கொண்டு நின்றார். வாய் வரவில்லை. முகமே பார்த்திராத ஒரு பையனை எப்படி அழைப்பது? எல்லோரும் காத்திருந்தோம். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாகவே கூப்பிட்டார்.

"அப்பா!"

"என்னடா?"

பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமனார்தான். கேட்ட பிறகுதான் தான் பேசியதே அவருக்குத் தெரிந்தது. காது சிவந்துவிட்டது. ஐம்பத்தாறு வருடமாக அடக்கி வைத்த வாய், கொஞ்சம் அசந்த நேரம் பார்த்துப் பேசிவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. என் கணவர் திரும்பி அவரைப் பார்த்தார். விரலிடுக்கு வழியாக மண் உதிர்ந்துகொண்டே இருந்தது.

மாமனார் தடியை ஊன்றி எழுந்து குழியோரம் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்து, "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "உங்களத்தான் கூப்பிட்டான். நீங்க இப்பத்தானே வந்திருக்கீங்க, களைச்சுப் போயிருப்பீங்க. அதான் நான் பதில் சொல்லிட்டேன்."

பிறகு மகன் பக்கம் திரும்பி, "நின்னுட்டே இருக்கியே, போடுடா மண்ணை" என்றார்.

"போடறேம்ப்பா" என்றார் என் கணவர்.

கிழவர் அவரைத் திருத்தவில்லை.