மூன்றாம் எண் சட்டை சகாயம்

வியாழக்கிழமை காலை காக்களூரில் லேத்தின் முன் நின்றுகொண்டிருந்தபோது சகாயத்தின் மகள் ஜெனிபரிடமிருந்து போன் வந்தது. "மாமா, அப்பா போய்ட்டாரு" என்றாள். எங்கே என்று கேட்டேன். அவ்வளவு மடத்தனமாகத்தான் கேட்டேன். அவள் அழுதபோதுதான் புரிந்தது. காலை ஷிப்டுக்குக் கிளம்பி, ஷூ மாட்டிக்கொள்ளக் குனிந்தவன் நிமிரவில்லையாம். மாரடைப்பு. ஐம்பது வயதுகூட நிறையவில்லை.

மறுநாள் கும்மிடிப்பூண்டியில் அவன் வீட்டுத் தெருமுனையில் மில் நண்பர்கள் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். சகாயம் கூலிங் கிளாஸ் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே, 'இந்தியாவுக்காக ஆடிய கபடி வீரர்' என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. அந்தத் துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்து ஜெனிபருக்கும் வந்துவிட்டது. "அப்பா பாத்திருந்தா இதுக்கு முன்னாடி நின்னு செல்பி எடுத்துக்கினு இருந்திருப்பாரு மாமா" என்றாள்.

பேனர் வைத்தவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. இருபது ஆண்டுகள் ஒரே ஷெட்டில் அவனோடு வேலை செய்தவர்கள். அவன் என்ன ஆடினான் என்று விளக்க அவன் எத்தனையோ முறை முயன்றிருக்கிறான். அவர்கள்தான் கேட்டபடி சாப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவனை அறிந்தவர்களாகிய நீங்கள் அதை ஒருமுறையாவது சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். 'அவர்' என்று மரியாதையாகத் தொடங்கிப் பார்த்தேன். யாரோ ஒரு அதிகாரியைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது. அவன் என்றே எழுதுகிறேன்.

சகாயம் ஆடியது ரக்பி. ஆடியது இந்தியாவின் இரண்டாம் அணிக்கு. முதல் அணிக்கு அடுத்த நிலையில் இருப்பவர்களைத் திரட்டி அமைக்கும் தேசிய அணி அது. எங்கள் ஆட்டத்தைப் பார்க்க யாரும் வர மாட்டார்கள். எங்களுக்குக் கொடுத்த சட்டைகள்கூட முதல் அணி போட்டுப் பழசானவை. அதில் அவனுக்கு மூன்றாம் எண், எனக்கு இரண்டு.

அவன் ரக்பிக்கு வந்ததே தற்செயலாகத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையில் சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்கப் போனவன், வழியில் ஒரு மைதானத்தில் நாங்கள் குனிந்து முட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து வேலிப்பக்கம் நின்றுவிட்டான். எங்களுக்கு ஒரு ஆள் குறைந்தது. ஆளைப் பார்த்தாலே தெரிந்தது, இரும்பு உருட்டும் மில்லில் வேலை செய்கிற தோள். "வர்றீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னா செய்யணும்?"

"தள்ளணும்."

"அவ்ளோதானா? அத்தத்தான் தெனம் செய்யறேன்" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அன்று மாலை அவன் கும்மிடிப்பூண்டி ரயிலும் நான் திருவள்ளூர் ரயிலும் பிடிக்க சென்ட்ரலில் நின்றோம். அடுத்த வாரமும் வருவானா என்று கேட்டேன். "நாஷ்டா குட்ப்பீங்களா?" என்றான். கொடுத்தோம். வந்தான்.

தேசிய இரண்டாம் அணிக்குத் தேர்வான கடிதம் வந்தபோது லீவு கேட்க மேனேஜரிடம் போனான். ரக்பி என்றால் என்ன என்று அவர் கேட்டார். விளக்கத் தெரியாமல், கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை அழைத்து எட்டுப் பேரை ஒரு பக்கமும் எட்டுப் பேரை மறு பக்கமும் குனிய வைத்து, தோளோடு தோள் கோத்து, ஸ்க்ரம் என்பதைச் செய்தே காட்டினான். சாம்பார் அண்டா கவிழ்ந்தது. மேனேஜர் சிரித்துவிட்டு, "ரெண்டாவது டீம்தானேப்பா?" என்றாராம். சகாயம் சொன்ன பதிலை அவரே சாவு வீட்டில் என்னிடம் சொன்னார். "சார், நூறு கோடிப் பேரு கீறாங்க. அதுல ரெண்டாவதுன்னா சும்மாவா?"

இனி அந்த ஆட்டம். எங்கள் இரண்டாம் அணி அதுவரை வெளிநாட்டு அணி எதையும் வென்றதில்லை. பக்கத்து நாட்டின் இரண்டாம் அணி வந்திருந்தது. எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அங்குள்ள நண்பர்கள் இன்றைக்கும் என்னைக் கிண்டல் செய்வார்கள். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது நாங்கள் இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம். எங்கள் பக்கத்துக் கோல் கோட்டுக்கு அருகே ஒரு ஸ்க்ரம். பந்து எங்களுடையது. அதை எடுத்து மைதானத்துக்கு வெளியே உதைத்தால் ஆட்டம் முடிந்தது, நாங்கள் ஜெயித்தோம்.

ஸ்க்ரத்தின் முன்வரிசையில் மூன்று பேர். நடுவில் நான், எனக்கு வலப்பக்கம் சகாயம். எதிர் வரிசையோடு தலைகள் மாற்றி மாற்றிக் கோத்துக்கொள்ளும்; காதோடு காது உரசும். சகாயத்துக்கு எதிரே ரஃபீக் என்பவன். இரண்டு பக்கமும் பின்னாலிருந்து தள்ளினார்கள். பந்து வந்தது. அந்த நேரத்தில் சகாயம், "கய்த்து! கய்த்து!" என்று கத்திவிட்டுப் பிடியை விட்டான், முழங்காலை மடக்கித் தரையில் விழுந்தான். ஸ்க்ரம் மொத்தமும் சரிந்தது.

கழுத்து என்பது அவன் வாயில் கய்த்து. தமிழ் தெரியாத நடுவருக்கு அது வெறும் கூச்சல். வேண்டுமென்றே ஸ்க்ரத்தைச் சரித்தான் என்று எங்களுக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தார். ரஃபீக் எழுந்து, தலையை இரண்டு முறை ஆட்டிக்கொண்டு, தன் ஆட்களோடு போய் நின்றான். அவனுக்கு ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை. அவர்கள் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தார்கள். மூன்று புள்ளி. ஒரு புள்ளியில் தோற்றோம்.

உடை மாற்றும் அறையில் எல்லாரும் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நான்தான் பேசினேன். "ஏன்டா உழுந்த?" என்று கேட்டேன்.

"அவன் தல உள்ள மடங்கிக்கிச்சிடா. மூச்சு நின்னுச்சு. என் காதாண்டதான இருந்துச்சு."

"அவன் நல்லாத்தான நடந்து போனான்?"

"போனான்."

"அப்ப?"

அதற்கு மேல் அவன் சொல்லவில்லை. நான் சொன்னேன். எழுத முடியாத சொற்கள் சிலவற்றையும் சொன்னேன். திரும்பும் ரயிலில் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்குப் போவதை நிறுத்தினேன். எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. அந்த வெற்றி மறுபடி வராது என்று தெரியும்; வரவும் இல்லை. இரண்டு மாதம் அவனோடு பேசவில்லை.

ஒருநாள் மதியம் வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ரஃபீக். எங்கள் அணி மேலாளரிடம் என் எண்ணை வாங்கியிருக்கிறான். அணியில் கொஞ்சம் இங்கிலீஷ் பேசக்கூடிய தமிழன் நான்தான் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆட்டத்தன்று இரவு அவன் விரல்கள் மரத்துப்போய்விட்டனவாம். யாரிடமும் சொல்லாமல் ஊர் போய்ச் சேர்ந்து டாக்டரிடம் காட்டியிருக்கிறான். கழுத்தெலும்புகளில் ஒன்று நகர்ந்திருந்தது. இன்னும் ஒரு நொடி தள்ளியிருந்தால் கையும் காலும் போயிருக்கும் என்றாராம் டாக்டர். இப்போது பட்டை கட்டிக்கொண்டு தேறி வருகிறான்.

"உங்கள் மூன்றாம் எண் ஆள் ஒரு வார்த்தை சொன்னான்" என்றான். "கய்த்து. அப்படியென்றால் என்ன?"

கழுத்து என்று அர்த்தம் சொன்னேன். அந்தச் சொல்லை என்னை இன்னொரு முறை சொல்லச் சொல்லி, அவனும் திருப்பிச் சொன்னான்.

அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு திருவள்ளூரில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி, கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்தேன். மில் வாசலில் ஷிப்ட் முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். அவன் அதற்கு இடம் தரவில்லை.

"கை நல்லா கீதா அவனுக்கு? வெரலு?"

"கீதாம்."

"காலு?"

"நடக்கறானாம்."

தெருவென்றும் பாராமல் என்னை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். "ஊட்டுக்கு வா, ஸ்டெல்லா மீன் கொழம்பு வச்சிக்கீது" என்றான். அவன் மனைவி ஸ்டெல்லா வைத்திருந்தது பழவேற்காட்டு மீன். நான் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த ஆண்டு இரண்டாம் அணிக்கு அவனைத் தேர்வு செய்யவில்லை. ஸ்க்ரத்தைச் சரித்துத் தோற்கடித்தவன் என்ற பெயர் தேர்வாளர்களிடம் ஒட்டிக்கொண்டிருந்தது. ரஃபீக் சொன்னதை எழுதி அனுப்பலாம் என்றேன். "வுடுடா பேஜாரு. நான் ஆடிட்டேன்ல?" என்றான். அதற்குப் பிறகும் நாற்பத்தைந்து வயதுவரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சென்னைக்கு வந்து, பயிற்சிக்குத் திரும்பியிருந்த என்னோடும் மற்றவர்களோடும் தள்ளிக்கொண்டிருந்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜெனிபர் கல்யாணத்துக்கு ரஃபீக் விமானத்தில் வந்தான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அந்த ஒரே சொல்தான். பெண் வீட்டாரைப் பார்த்து "கய்த்து" என்று கும்பிட்டான். பிரியாணியை ருசித்து "கய்த்து!" என்று கட்டைவிரலை உயர்த்தினான். மாப்பிள்ளையின் பெரியப்பா, இந்த ஆள் ஏன் எல்லாரையும் மிரட்டுகிறான் என்று என்னிடம் தனியாக வந்து விசாரித்தார். விருந்து முடிந்ததும் மண்டபத்தில் நாற்காலிகளை ஒதுக்கி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, பழைய ஆட்டக்காரர்கள் எதிரெதிரே இரண்டு வரிசையாகக் குனிந்தோம். சகாயமும் ரஃபீக்கும் தலையைக் கோத்துக்கொண்டதுமே இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வர, யாரும் தள்ளாமலேயே எல்லாரும் விழுந்தோம். "அப்பா, இன்னைக்கு எனக்குக் கல்யாணம்பா!" என்று மேடையிலிருந்து ஜெனிபர் கத்தினாள். அவ்வளவு சந்தோஷமான சகாயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்று கிளம்பும்போது, பல வருடம் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். அந்த இரண்டு மாதமும் நீயாக வந்து ஏன் விளக்கிச் சொல்லவில்லை, ஏன் சண்டைகூடப் போடவில்லை என்று.

"நீ வந்துருவன்னு தெரியும்" என்றான். "எனக்கு இன்னா அவசரம்?"

அவனைப்போல் காத்திருக்க எனக்கு வராது. எனக்கு வந்தது கிளம்பிப் போவது மட்டும்தான். ஊத்துக்கோட்டையில் என் தம்பி இருக்கிறான். வீட்டுச் சுவர் ஒன்றின்மேல் வந்த சண்டையில் நாங்கள் பேசி மூன்று வருடமாகிறது. சகாயத்தை அடக்கம் செய்த மறு ஞாயிறு பஸ் ஏறினேன். கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்தான். பிறகு உள்ளே திரும்பி, "அண்ணன் வந்துக்கீறாரு, இன்னொரு தட்டு போடு" என்றான்.

சகாயத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: கிளம்பிப் போனால் எனக்கும் ஒரு தட்டு இருக்கும் என்ற நம்பிக்கை.