பத்து லட்சத்து மூன்றை வகுத்த கதை

ஆம்பூர் தோல் ஷாப்பில் கட்டுக் கட்டுவது என் வேலை. பதனிட்ட தோலை எண்ணி, சமமான கட்டுகளாகப் பிரித்து ரயிலுக்கு அனுப்ப வேண்டும். பத்தில் அடங்காவிட்டால் பன்னிரண்டு, அதிலும் அடங்காவிட்டால் பதினைந்து. ஒன்றிரண்டு மிஞ்சினால் அடுத்த சரக்கில் தள்ளிவிடலாம். அதனால், பிரியவே பிரியாத எண் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவன் நான்.

எங்கள் சபையில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். அவர் மகளைப் பெண் கேட்டுப் போனேன். அவர் முடியாது என்று சொல்லவில்லை. ஞாயிறுதோறும் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்கிறவனை முகத்துக்கு நேரே தள்ளினால் சபையில் பேச்சாகிவிடுமே. என் மேல் அடித்த தோல் வாடைக்குத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சிலேட்டில் ஓர் எண்ணை எழுதிக் காட்டினார்: பத்து லட்சத்து மூன்று.

"எந்த ரெண்டு எண்ணைப் பெருக்குனா இது வரும்னு கண்டுபிடிச்சுட்டு வா, தம்பி. ஒண்ணால பெருக்குறது செல்லாது. கொண்டாந்தா அன்னிக்கே நிச்சயம் பண்ணிடலாம்."

இவ்வளவுதானா என்று சிரித்துக்கொண்டே வந்தேன்.

கிடங்குச் சுவரில் கரித்துண்டால் வகுக்க ஆரம்பித்தேன். ஏழில் மீதி நான்கு. பதினொன்றிலும் நான்கு. பதின்மூன்றிலும் அதே நான்கு. ஏதோ பிடிபடப் போகிறது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பதினேழில் மீதி பன்னிரண்டு வந்து அந்த ஆசையில் மண்ணைப் போட்டது. போகப் போக வழி தெரிந்தது. மூன்றில் போகாதது ஒன்பதிலும் போகாது, அதை விட்டுவிடலாம். ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினாலே பத்து லட்சம். ஆகவே ஜோடியில் சின்ன எண் ஆயிரத்துக்குள்தான் ஒளிந்திருக்க வேண்டும். என்னோடு கட்டுக் கட்டிய பாய் மட்டும் போகும்போதும் வரும்போதும் கேட்பார்: "இன்னா தோஸ்த், பொண்ணு இன்னும் எத்தினி மீதி?"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாத்தியார் தோளில் கை போட்டு விசாரிப்பார். முந்நூறு தாண்டிவிட்டேன் என்றால், பரவாயில்லையே, எனக்கென்னவோ எழுநூறு எண்ணூறு பக்கம் கிடைக்கும்போல இருக்கிறது என்பார். அவர் மகள் பின்னால் நின்று, "இப்ப எந்த எண்ணுல இருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்பாள். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு வரை ஓட்டுவேன்.

மழைக்காலம் வந்து போயிற்று. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழில் மீதி பன்னிரண்டு. அதற்கு மேல் ஆயிரத்துக்குள் வகுக்க எண்ணே இல்லை. கரித்துண்டைக் கீழே போட்டேன். பிறகு குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"அப்படி ரெண்டு எண்ணே இல்ல, சார்."

"இல்லதான். பகா எண்ணுன்னு பேரு. ஸ்கூல் பசங்களுக்கே தெரியும். அன்னிக்கே பொண்ணு தர முடியாதுன்னு சொல்லியிருந்தா நீ விட்டுட்டுப் போயிருப்பியா?"

நான் அவளைத் தேடினேன். அவளும் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தானே என்பது அப்போதுதான் உறைத்தது. உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. அதில் கோபமில்லை, வெறுப்பும் இல்லை. விளையாட்டில் ஜெயித்த சந்தோஷம் மட்டும்தான்.

"பாதியில ஓடிடுவார்னீங்களே அப்பா, பாத்தீங்களா? கடைசி வரைக்கும் வந்துட்டார். பந்தயத்துல நீங்க தோத்துட்டீங்க."

வாத்தியார் தோற்றதை ஒப்புக்கொண்டு, ஆற்காட்டிலிருந்து பந்தய இனிப்பாக மக்கன் பேடா வாங்கித் தருவதாகச் சொன்னார். அவள் வாசல்வரை வந்து, அடுத்த ஞாயிறு எனக்கும் ஒன்று எடுத்து வைப்பதாகச் சொன்னாள்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.